கூரம் அறிந்த இரு தகப்பன்மார்

குடிக்கிற மருமகனைப் பற்றிப் பெண்ணின் அம்மா அழுதால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்.” கல்யாணத்துக்கு முன்னால் இதே பெரியம்மா, “கால்கட்டு போட்டா அடங்கிடுவான்” என்று சொல்லியிருப்பார். கால்கட்டு பலிக்கவில்லை, அடுத்த மருந்து குழந்தை. மகளிர் காவல் நிலையத்து பெஞ்சிலும் குடும்ப நீதிமன்ற வராந்தாவிலும்கூட இந்த வைத்தியக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று கிலோகூட இல்லாத ஓர் உயிரின் தலையில் எத்தனை பெரிய வேலையை ஏற்றுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

பிள்ளை பிறந்ததும் ஆண் மாறுகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தப் பக்கம் மாறுகிறான் என்பதுதான் கேள்வி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிகள் அளவுக்கல்லைப் பிடுங்கி நட ஆரம்பிப்பது பெரும்பாலும் இருவருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், “எனக்காகவா கேக்கறேன், புள்ளைங்களுக்காகத்தானே!” இதைச் சொல்லிவிட்டால் எந்தப் பேராசைக்கும் கூச்சம் விட்டுப்போகிறது. தனக்கென்று கேட்கத் தயங்கும் மனிதன் மகனுக்கென்றால் லஞ்சம்கூட வாங்குகிறான். தகப்பனானால் மனசு விசாலமாகும் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்தில் இந்தக் கேள்வியை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். காரணம் ஒரு செப்பேடு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன், இங்கிருந்த வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயிலுக்கு விட்ட நிவந்தத்தைச் சொல்லும் ஏடு அது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில், 1890-இல், ஹுல்ட்ஷ் அதைப் பதிப்பித்தார். சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு நடந்த பெருவளநல்லூர்ப் போருக்காக வரலாற்றுக்காரர்கள் அதைப் புரட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு இடம். பூசைக்கும் திருப்பணிக்கும் வழி செய்தவர்கள், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் சேர்த்தே வழி செய்திருக்கிறார்கள். அந்த ஊர் மகாபாரதம் கேட்ட ஊர்.

பாரதம் கேட்பவன் திருதராஷ்டிரனைத் தாண்டிப் போக முடியாது. துரியோதனன் பிறந்தபோது அபசகுனங்கள் தோன்றின, குலத்தைக் காக்க இவனை விட்டுவிடு என்று விதுரன் சொன்னான், தகப்பன் கேட்கவில்லை. இதில் நான் திருதராஷ்டிரன் கட்சி. பிறந்த சிசுவைச் சகுனம் பார்த்துக் கைவிடச் சொல்லும் எந்த அறிவாளிக்கும் தகப்பன் செவிசாய்க்கக் கூடாது. அவன் தவறு பிற்பாடு, ஒவ்வொரு உறவாக மகனுக்குக் கீழே வைத்ததில் இருக்கிறது. இறந்துபோன தம்பியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்க வேண்டிய இடத்தில் இருந்தவன், சூதாட்டச் சபையில் ஆசையை அடக்க மாட்டாமல் “ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். உண்மையைச் சொன்ன தம்பி விதுரன் விரோதியாகத் தெரிந்தான். இரண்டாவது முறை சூதுக்கு அழைக்கும் முன், இந்த மகனை விலக்கி வையுங்கள் என்று பெற்றவளான காந்தாரியே சொன்னாள். அவள் பேச்சும் எடுபடவில்லை. தம்பி பிள்ளைகள், தம்பி, மனைவி என்று மூன்று உறவுகளையும் ஒருவன் பிள்ளைப் பாசத்தால் இழந்த கதை அது. கண் இல்லாததை அதற்குக் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கண் நன்றாகத் தெரிகிற திருதராஷ்டிரர்கள் நம் கட்சி அலுவலகங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே கூரத்தில் பதினோராம் நூற்றாண்டில் இன்னொரு மனிதர் பிறந்தார். இராமானுசரின் முதன்மைச் சீடர் கூரத்தாழ்வான். பின்னாளில் அவரும் கண் இழந்த தகப்பன். ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு, தை மாதத்து அஸ்தம் அவர் திருநட்சத்திரம். பெரும் செல்வந்தர். சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் புறப்பட்டார். காட்டு வழியில் ஆண்டாள் பயப்பட, மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று இவர் கேட்டார். கணவர் தண்ணீர் குடிக்க ஒரு பொன்வட்டிலை அவள் எடுத்து வந்திருந்தாள். வாங்கித் தூர எறிந்தார். குருபரம்பரைக் கதைகளில் பிரபலமான காட்சி இது. எல்லாரும் ஆழ்வானின் பற்றின்மையைப் புகழ்வார்கள். இருட்டில் ஒரு பெண், புருஷனுக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரே ஒரு பாத்திரத்தை மடியில் மறைத்துக்கொண்டு வந்ததை யாராவது கொஞ்சம் புகழ்ந்தால் நன்றாயிருக்கும்.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தி வாழ்க்கை. ஒருநாள் விடாத மழை, பிச்சைக்குப் போக முடியவில்லை, இருவரும் பட்டினி. இரவு அரங்கனுக்கு அமுது செய்விக்கும் மணியோசை கேட்டது. உன் அடியான் பட்டினி கிடக்க நீ மட்டும் சாப்பிடுகிறாயோ என்று ஆண்டாள் மனத்துக்குள் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கோயிலிலிருந்து பிரசாதம் வந்து வாசலில் நின்றது. ஏதாவது நினைத்தாயா என்று ஆழ்வான் மனைவியைக் கேட்டார், அவள் ஒப்புக்கொண்டாள். அந்தப் பிரசாதத்தால் பிறந்தவர்கள் என்று சொல்லப்படும் பிள்ளைகள்தாம் பராசர பட்டரும் வேதவியாச பட்டரும். பெயர் வைத்தவர் இராமானுசர்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்துவிட்டார்கள். தகப்பன் அசையவில்லை. பெண் பார்க்க வேண்டாமா என்று ஆண்டாள் கேட்டாள். ஈசுவரன் குடும்பத்துக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்கிற தோரணையில் பதில் வந்தது. படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது “சாமி பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும் அப்பாக்களை எல்லாத் தெருவிலும் பார்த்தாயிற்று. அந்தக் குரல்தான் இதிலும் கேட்கிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவள் விடவில்லை, மறுபடியும் சொன்னாள். ஆழ்வான் கோயிலுக்குப் போனார். என்ன விஷயம் என்று அரங்கன் கேட்க, பிள்ளைகளுக்கு மணம் முடிக்க வேண்டும் என்கிறார்கள் என்று மனைவி சொன்னதை அப்படியே போய்ச் சொன்னார். காந்தாரி சொன்னாள், திருதராஷ்டிரன் கேட்கவில்லை. ஆண்டாள் சொன்னாள், ஆழ்வான், கொஞ்சம் தாமதமாக, கேட்டார். இரண்டு தகப்பன்களையும் பிரிக்கும் கோடு எனக்கு முதலில் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

கண் போன கதை பலருக்கும் தெரியும். சோழன் இராமானுசரை அழைத்துவர ஆள் அனுப்பியபோது, அவருடைய காவியை உடுத்திக்கொண்டு ஆழ்வான் போனார், உடன் முதிய பெரிய நம்பியும் போனார். அங்கே கண்ணை இழந்தார். பின்னர் காஞ்சியில் வரதராசனிடம் கண்ணைக் கேள் என்று இராமானுசர் சொல்ல, ஆழ்வான் பாடிவிட்டு வேறொன்றைக் கேட்டார். அரசவையில் தனக்கு எதிராக நின்ற நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கும் கதியே கிடைக்க வேண்டும் என்றார். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை கத்தியதைக் கேட்டு மயங்கி விழுந்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். இவற்றில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று எடை போடுவது இங்கே வேலையில்லை. இந்தச் சமூகம் தனக்கென்று இப்படி ஒரு தகப்பனைச் சொல்லி வைத்துக்கொண்டது என்பதே போதும். இராமானுசர் இல்லறம் ஒத்துவராமல் துறவு பூண்டவர். அவருக்கு மிக நெருங்கிய சீடர் மனைவி மக்களோடு இருந்தவர். பிள்ளை பெற்றவனுக்கு ஊரார் பிள்ளை அந்நியமாகித்தான் போக வேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு அந்தச் சமூகம் வைத்திருந்த சாட்சி அவர்.

பக்திக் கதையிலிருந்து தறிக்கு வருவோம், காஞ்சியில் அது நாலடி தூரம்தான். கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடலும் கரையும் வேறு வேறு நிறம், இரண்டும் ஊடையில் கோர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும். நெசவாளி ஒருவரால் மூன்றையும் பார்த்துக்கொள்ள முடியாது. குழியில் கால் விட்டு அவர் உட்கார்ந்திருக்கும் அதே பலகையில், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள வேண்டும். வெகுகாலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது குழந்தைகள். சில வீடுகளில் சொந்தப் பிள்ளை, சில வீடுகளில் முன்பணத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. ஒரே பலகையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் பகல் முழுக்க. தூரத்திலிருந்து பார்த்தால் பாசப் படம். கிட்டப் போனால், நாடாவைத் தவறவிட்ட குழந்தையின் பக்கம் திரும்பும் முழங்கை தெரியும்.

மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமை பற்றி 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல், அதாவது சட்டத்துக்கு அப்போது வயது இருபத்தேழு. முன்பணம் வாங்கியவர்களில் பலர் தகப்பன்கள். மருத்துவச் செலவுக்கு, அக்காள் கல்யாணத்துக்கு, சில நேரம் குடிக்கு. ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்கு இன்னொரு பிள்ளையின் விரல்களை அடகு வைத்த அப்பாவைக் கொடியவர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். கூலி அந்த லட்சணத்தில் இருந்தது. ஆனால் அடுத்தவர் பிள்ளையை அதே பலகையில் உட்கார வைத்து வேலை வாங்கிய நெசவாளியும் தகப்பன்தான், அவர் பிள்ளை அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம். “என் பிள்ளை” என்ற எண்ணம் எவ்வளவு குறுகலான சந்து என்பதற்கு அந்தப் பலகையை விடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் இன்று பெரும்பாலும் பள்ளியில் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆயினும் 2016-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை கைகொடுக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வீட்டுக்குள் என்றால் அப்பா பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. தறி இருந்ததும் வீட்டுக்குள்தானே!

பிரியதர்சனின் ‘காஞ்சிவரம்’ இந்தச் சந்துக்குள் புகுந்து பார்த்த படம். 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றது. நெசவாளி வேங்கடம், பிறந்த மகளின் காதில், உன் கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நாளெல்லாம் பட்டு நெய்பவன் வீட்டில் பட்டு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நூல் திருடுகிறான். அதே வேங்கடம்தான் சக நெசவாளிகளைத் திரட்டுபவனும், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குபவனும். தறி நின்றால் நூல் கிடைக்காது, புடவை முடியாது. மகளா, தோழர்களா என்ற இடத்தில் வேலைநிறுத்தத்தை முடிக்கப் பார்க்கிறான். பலர் அதைப் பாசக் கதையாகப் பார்த்து அழுதார்கள். நான் அதை உறவுகளின் கணக்காகப் பார்த்தேன். பக்கத்துத் தறிக்காரனுக்கும் மகள் இருக்கிறாள், கூலி உயர்ந்தால் அவளுக்கும் ஒரு புடவை கிடைத்திருக்கும் என்பது வேங்கடத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தத் தெருவின் திருதராஷ்டிரன் அவன், நெஞ்சைப் பிசையும் திருதராஷ்டிரன்.

இதே காஞ்சியில், நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அக்காள் வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்புப் பிள்ளைகளாக்கிக்கொண்டார். தகப்பனாவதற்குப் பெற்றாக வேண்டும் என்பதில்லை என்பதை வேறெதையும்விட இது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் ஒருவனைத் தகப்பனாக்குவது எது? எனக்குப் பிடிபட்ட விடை கொஞ்சம் சாதாரணமானது, கை. பிலிப்பைன்சின் செபு நகரில் லீ கெட்லரும் குழுவினரும் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தகப்பனானவர்களுக்கு ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் வெகுவாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. பயப்பட வேண்டாம், அது நோயில்லை. போட்டி போடும் உடம்பு, பேணும் உடம்பாக இடம் மாறுகிற அடையாளம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குழந்தையைச் சுமக்கும் நேரம் ஆணின் உடம்போடு இப்படிச் சேர்ந்தே வருகிறது.

நம் வழக்கம் அந்த நேரத்தைத்தான் ஆணிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடிந்து போனவள் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புகிறாள். பெண்ணுக்கு ஓய்வும் அம்மாவின் கையும் கிடைக்கிற நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் தகப்பனின் இடம் என்ன என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வருகிறார். முன்கூடத்தில் நாற்காலி போடுகிறார்கள். குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி, மையிட்டுத் துணியில் சுற்றிய பிள்ளையை மாமியார் கொண்டுவந்து மடியில் வைக்கிறார். “தல பத்திரம் மாப்ள.” அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை சிணுங்கியதும் உள்ளே போய்விடுகிறது. அவரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். ராத்திரி மூன்று மணி அழுகை, பால் கக்கிய தோள், வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் என்று ஒன்றும் அவர் கைக்கு வரவில்லை. பெண்டாட்டி ஐந்து மாதத்தில் வேறு ஆளாகிவிட்டாள், இவர் பழைய ஆளாகவே போய் அழைத்து வருகிறார். அவளுக்கு இப்போதெல்லாம் என் மேல் அக்கறையே இல்லை என்ற புலம்பல் தொடங்குவது அந்த வாரம்தான்.

மாமியாரோடும் மாமனாரோடும் ஆணுக்கு ஒரு நாற்காலி உறவு மட்டும் அமைவதற்கும் காரணம் இதுதான். கூடவே பத்து நாள் விழித்துப் பிள்ளை வளர்த்தவர்களிடம் விருந்தாளித்தனம் காட்ட முடியாது.

சொந்த அப்பாவோடு என்ன ஆகிறது என்பது இதைவிடச் சிக்கல். தனக்குப் பிள்ளை பிறந்தால் அப்பாவின் அருமை தெரியும் என்பார்கள். பலருக்குத் தெரிகிறது. சிலருக்கு நேர்மாறாகவும் நடக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. நான்கு வயது மகனின் முதுகைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது அந்த முதுகு எவ்வளவு சின்னது என்று கைக்குத் தெரிகிறது. இவ்வளவு சின்ன முதுகிலா பெல்ட்டால் அடித்தார் என்று அப்போதுதான் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டே சொன்ன அடி வாங்கிய கதை அன்றைக்குக் கசந்துபோகிறது. அந்தக் கசப்பு நல்லதுதான். அடுத்த முதுகாவது தப்பிக்கும்.

சட்டம் தகப்பனை எப்படிப் பார்க்கிறது என்றால், மாமியாரைப் போலவே பார்க்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தில் இயற்கையான காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் வழக்கமாகத் தாயிடம் இருக்கும். அதிகாரம் அவருக்கு, அணையாடை இவளுக்கு. 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருந்தாலும் அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயே காப்பாளராகலாம் என்று பொருள் சொல்லி ஓரளவு சரிசெய்தது. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தை, முதியோர் பராமரிப்பில் ஒரு நாளில் பங்கெடுத்த பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். பங்கெடுத்தவர்களிலும் பெண்கள் சராசரியாக 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். செபுவின் மூன்று மணி நேரத்துக்கு நம் ஆட்கள் இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

தறி வீட்டுக்குள் இருந்த காலத்தில் காஞ்சித் தகப்பன் குறைந்தபட்சம் கண்ணெதிரில் இருந்தான். அவன் பிள்ளைகள் இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், நைட் ஷிப்ட் முடிந்து வருபவன் தூங்க வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனைவி சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தாய்க்கு 26 வாரம் என்று 2017-இல் உயர்த்திய சட்டம், தனியார் ஆலையில் வேலை செய்யும் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நார்வே 1993-இல் தகப்பனுக்கென்று நான்கு வாரம் ஒதுக்கியது, அவன் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் போயிற்று, மனைவிக்கு மாற்ற முடியாது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆண்கள் எடுத்த விடுப்பைச் சில ஆண்டுகளில் பெரும்பாலோர் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆண்களின் சுபாவம் அப்படி என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆலை முதலாளிகளிடம் கேட்டால், நம் ஆண்களுக்கு விடுப்பு கொடுத்தால் நண்பர்களோடு ஏற்காடு போய்விடுவார்கள் என்பார்கள். கொஞ்சம் பேர் போவார்கள், மறுக்கவில்லை. அதற்காகத்தான் விடுப்பை மாமியார் வீட்டிலேயே கழிக்கும்படி நாம் பழக்க வேண்டும் என்கிறேன். நாற்காலியை எடுத்துவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு பாய் போடட்டும். முதல் இரண்டு ராத்திரி அவர் தூங்கிவிடுவார். மூன்றாவது ராத்திரி மாமியாரே காலால் ஒரு தட்டு தட்டி எழுப்பலாம், மருமகன் என்று பார்க்க வேண்டாம்.